யப்பான் சைக்கிள் வாங்கப் போறவை இதை ஒருக்கா வாசிச்சிட்டுப் போங்கோ

78,500 ரூபா. ஒரு பழைய யப்பான் சைக்கிளுக்கு நான் குடுத்த காசு. இதை முதலே எழுதிவிடுறன். ஏனெண்டா நேற்று ரெலிபோனில அதை வித்த கடைக்காரர், "இந்தக் காசுக்கு ஏன் தம்பி இவ்வளவு சத்தம்?" எண்டு கேட்டவர். பதினொரு மாதம் சீட்டுக் கட்டி எடுத்த காசு அது.

அரிப்பில இருந்து பூநகரி வரைக்கும் கரையோரமா சைக்கிளில போகவேணும் எண்டது என்ர கனநாள் ஆசை. முத்துக்குளிப்பைப் பார்வையிட எண்டு பிரித்தானியர் காலத்து ஆள்பதி (கவர்னர்) நோர்த்துக்குக் கட்டின மாளிகை, சனம் அல்லிராணி கோட்டை எண்டு சொல்லுறது, அரிப்பில கடல் அரிச்ச மேட்டில இடிஞ்சு நிக்குது. கண்டியில இருந்து தப்பின ரொபட் நொக்ஸ் 1679இல வந்து சேர்ந்ததும் அரிப்புக் கோட்டைக்குத்தான். அங்கயிருந்து வங்காலை, மன்னார்க் கோட்டை, மாந்தை, திருக்கேதீச்சரம். பிறகு ஏ-32 வீதியால விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம், முழங்காவில், பூநகரி.

வெள்ளாங்குளம் எங்கட ஊர். 2008இல சண்டைக்குள்ள இடம்பெயரேக்க அப்பா ஒரு சைக்கிளில அரிசி மூட்டை, தையல் மெசின், அதுக்கு மேல தங்கச்சி எண்டு ஏத்தி உருட்டிக்கொண்டு வெளிக்கிட்டவர். நான் பின்னால கரியரைப் பிடிச்சபடி நடந்தனான். அந்த றோட்டில நானா மிதிச்சு ஊருக்குள்ள போகவேணும். அவ்வளவுதான் நான் நினைச்சது.

அதுக்காகத்தான் சைக்கிள் வாங்கப் போனனான். யப்பானில இருந்து கொள்கலனில வாற பழைய சைக்கிளுகளைத் திருத்தி விக்கிற கடை அது. எங்க ஓடப் போறீங்கள் எண்டு முதலாளி கேட்டார். அப்பான்ர கதையையும் சொன்னன். மனுசன் கொஞ்ச நேரம் பேசேல்லை. பிறகு பெடியனைக் கூப்பிட்டு எனக்குத் தேத்தண்ணி எடுப்பிச்சார். "நாங்களும் அப்பிடித்தான் தம்பி வெளிக்கிட்டனாங்கள். உங்களுக்குப் பழுதானதைத் தந்தா என்ர தொண்டையில சோறு இறங்குமோ?" எண்டார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு நான் சைக்கிளைக் கவிட்டுக்கூடப் பாக்கேல்லை. சைக்கிளுக்கு 72,000, புது ரயருக்கும் கரியருக்கும் 6,500. எண்ணிக் குடுத்தன். பில் கேட்டதுக்கு, "எங்களுக்குள்ள என்னண்ணை பில்" எண்டு சிரிச்சது கடைப் பெடியன்.

முதல் நாள் அரிப்பில இருந்து மன்னார் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அடுத்த நாள் விடத்தல்தீவு தாண்டினதும் மிதிக்கிற நேரமெல்லாம் கிறீச் எண்டொரு சத்தம். செயின் எண்டு நினைச்சு எண்ணெய் விட்டன். இலுப்பைக்கடவைக்குக் கிட்டவா பின்சில்லு ஒரு பக்கம் இழுபட்டு பிரேமில முட்டிச்சுது. இறங்கிப் பாத்தா, மிதி அச்சில இருந்து பின்சில்லுக்குப் போற குழாயில பச்சைப் பெயின்ற் வெடிச்சுக் கிடக்கு. நகத்தால சுரண்டினன். சாம்பல் நிறத்தில பட்டி (வெடிப்பு அடைக்கிற பசை), காஞ்ச திருநீறு மாதிரி விரலில உதிர்ந்துது. உள்ளுக்கு இரும்பு முக்கால்வாசி பிளந்து, பிளவின்ர ஓரமெல்லாம் பழைய கறள். புது வெடிப்பு எண்டா கறள் எப்பிடி வரும்? தெரிஞ்சுதான் பூசி மறைச்சிருக்கினம். பின்னால ஒரு டிப்பர் வந்திருந்தா இண்டைக்கு இதை எழுத நான் இல்லை.

வெள்ளாங்குளத்துக்கு மிதிச்சுப் போக நினைச்சவன், பட்டா லொறி ஒண்டில சைக்கிளைக் கிடத்திக்கொண்டு ஊரைக் கடந்து போனன். நிப்பாட்டச் சொல்லவும் மனம் வரேல்லை.

இது நடந்து இண்டையோட ஒன்பது நாள். முதல் ரெலிபோன் எடுக்கேக்க முதலாளி "பாரம் கூடக் கட்டியிருப்பீங்கள்" எண்டார். தண்ணியோட சேர்த்து 14 கிலோதான். அடுத்த நாள் "முதலாளி கொழும்பு போயிட்டார்" எண்டு பெடியன் சொன்னது. முதலாளின்ர குரல் பின்னால கேக்குது! படம் எடுத்து வட்ஸ்அப்பில போட்டன், பாத்திட்டுப் பதில் இல்லை. நேரில போனா, "ஒட்டித் தாறம், ரெண்டு கிழமை பொறுங்கோ." பிளந்த குழாயை ஒட்டி ஆரை ஏத்தப் போறீங்கள்? 78,500 குடுத்தவனுக்கு இந்த முறை ஒரு கதிரைகூட இழுத்துப் போடேல்லை.

வாங்கப் போறவைக்கு என்னென்ன பாக்கவேணும் எண்டு விவரமா எழுதத்தான் இருந்தனான். கை நடுங்குது, இதை மட்டும் செய்யுங்கோ. இரும்புப் பிரேம் எண்டா சின்னக் காந்தம் ஒண்டு கொண்டுபோய்க் குழாய் முழுக்க வையுங்கோ, பட்டி தடிப்பாப் பூசின இடத்தில பிடிக்காது. பழைய சைக்கிளில புதுப் பெயின்ற் எண்டா ஏன் அடிச்சது எண்டு கேளுங்கோ. கவிட்டுப் பாருங்கோ. பில் இல்லாமல் ஒரு சதமும் குடுக்காதேங்கோ. நான் பாவனையாளர் அதிகாரசபையின்ர 1977 எண்ட ரெலிபோன் இலக்கத்துக்கு எடுத்தன், அவையும் முதல் கேட்டது பில்தான்.

இண்டைக்குக் காலமை பெடியன் எடுத்தது. 15,000 தருவினமாம், சைக்கிளைத் திருப்பிக் கொண்டுவரட்டாம். திரும்பப் பட்டி பூசி இன்னொரு பிள்ளைக்குத்தான் விப்பினம். குடுக்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்.