ஃபோம் இயர் டிப் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: உள்ளே ஒட்டுக் குழாய் இருக்கிறதா பாருங்கள்

"3 மில்லிமீட்டர் நாஸிலுக்கு" என்று போட்டு எனக்கு விற்கப்பட்ட ஃபோம் இயர் டிப் (இயர்போன் முனையில் மாட்டும் பஞ்சு உறை), உண்மையில் 5 மில்லிமீட்டர் டிப். நாஸில் என்பது இயர்போனில் டிப்பை மாட்டும் குழல் முனை. நடுத்துளைக்குள் ஒரு மெல்லிய ரப்பர் குழாயைச் சொருகி, பசை வைத்து ஒட்டி, அளவைக் குறைத்திருக்கிறார்கள். பசை விட்டதும் குழாய் இயர்போனோடு வந்துவிட்டது. டிப் காதுக்குள் நின்றுவிட்டது. எடுப்பதற்கு டாக்டரிடம் போக வேண்டியதாயிற்று. விற்றவரோ, பாக்கெட்டைப் பிரித்துவிட்டதால் பணம் தர முடியாது என்றார்.

விற்றவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பெயரை மாற்றிக்கொண்டு இன்னொரு கடை திறக்க இவர்களுக்கு அதிக நேரம் ஆகாது. சரக்கை எப்படி அடையாளம் காண்பது என்று தெரிந்தால்தான் உங்களுக்குப் பயன்.

முதலில், நான் ஏன் தனியாக டிப் தேடினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என்னுடைய இன்-இயர் மானிட்டர் (சுருக்கமாக ஐஇஎம், காதுத் துளைக்குள் வைக்கும் இயர்போன்) ஒல்லி நாஸில் வகை. ஷூர், எட்டிமோட்டிக் போன்ற நிறுவனங்களின் பல மாடல்கள் இப்படித்தான், 3 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். மற்ற பெரும்பாலான ஐஇஎம்களுக்கு நாஸில் 4 முதல் 6 மில்லிமீட்டர் வரை தடிமன். ஆகவே கடைகளில் கொட்டிக் கிடக்கும் டிப்புகளில் பாதிக்கு மேல் நமக்கு ஆகாது. கூடவே வந்த சிலிகான் டிப் வலது காதில் ஒழுங்காக உட்கார்ந்தது. இடது காதில் வாயை அசைத்தாலே நழுவியது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஒரே ஆளுக்கு இரண்டு காதுத் துளையும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. தாடை மூட்டு காதுக்குழாய்க்கு நேர் முன்னால் இருப்பதால், பேசும்போதும் மெல்லும்போதும் குழாயின் வடிவமே மாறும். அந்த நேரத்தில் சின்ன இடைவெளி விழுந்தால் போதும், முதலில் காணாமல் போவது பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி. நல்ல ஐஇஎம்மை வாங்கிவிட்டு "சத்தம் தகரம் மாதிரி இருக்கிறது" என்று புலம்புகிறவர்களில் பலருக்குப் பிரச்சினை டிப்பில்தான், இயர்போனில் இல்லை.

ஃபோம் இந்த இடத்தில்தான் கைகொடுக்கும். நசுக்கி உள்ளே வைத்தால் மெதுவாக விரிந்து, காதின் வடிவத்துக்கே அடைத்துக்கொள்ளும். தாடை அசைந்தாலும் கூடவே அசையும். ட்ரெபிள் (உச்ச ஒலி) கொஞ்சம் மங்கும், சில மாதங்களில் தேய்ந்துபோகும், அடிக்கடி மாற்றச் செலவாகும். அதெல்லாம் தெரிந்துதான் வாங்கினேன்.

வந்த பாக்கெட் பார்க்க அசலாகத்தான் இருந்தது. பளபளக்கும் ஸ்டிக்கர், சீல், பின்பக்கம் அளவு அட்டவணை. பிரித்ததும் பசை வாடை அடித்தது. அதைவிட ஃபோமின் நடத்தைதான் சரியில்லை. மெமரி ஃபோம் என்பது 1966இல் நாசாவுக்காக, விமான இருக்கைகளில் வைக்க உருவாக்கப்பட்ட பொருள். மெதுவாக எழும்புவதுதான் அதன் குணமே. விரலால் உருட்டி நசுக்கிவிட்டால் காதில் வைத்து நிலைப்படுத்தும் அளவுக்காவது நேரம் தர வேண்டும். இது விரலை எடுத்ததும் துள்ளி எழுந்தது. சாதாரணப் பஞ்சை டிப் வடிவத்தில் வெட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எம், எல் என்று இரண்டு அளவு போட்டிருந்தார்கள். ஸ்கேல் வைத்துப் பார்த்தால் அகலம் ஒன்றே. எல் கொஞ்சம் நீளம்.

காதில் மாட்டிக்கொண்டதைப் பற்றி நீட்டி முழக்க விரும்பவில்லை. ஆனால் யாருக்காவது இப்படி ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லியாக வேண்டும். பெரியவர்களுக்குக் காதுக்குழாய் சுமார் 2.5 சென்டிமீட்டர் நீளம். அதன் முடிவில் செவிப்பறை. விரலை விட்டால் டிப் இன்னும் உள்ளே போகும். ஹேர்பின், ட்வீசர் எதையும் தொடாதீர்கள். உட்பகுதியில் தோல் மிக மெல்லியது, கீழே நேராக எலும்புதான்; லேசாகக் கீறினாலும் வலி உயிர் போகும். தண்ணீரோ எண்ணெயோ ஊற்றினால் ஃபோம் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். திடீரென்று இருமல் வந்தால் பயப்பட வேண்டாம், காதுக்குழாயில் இருக்கும் வேகஸ் நரம்பின் கிளை சீண்டப்படும்போது சிலருக்கு அப்படி வரும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அதற்கான விளக்கும் மெல்லிய இடுக்கியும் இருக்கும். எனக்கு உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே எடுத்துவிட்டார்.

அப்புறம்தான் உண்மையான கூத்து. விற்றவருக்குப் படத்தோடு எழுதினேன். வந்த பதில்: "சார், இது சுகாதாரப் பொருள். பாக்கெட் பிரித்தால் ரிட்டர்ன் கிடையாது."

"பிரிக்காமல் துளைக்குள் என்ன ஒட்டியிருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?"

"விளக்கத்திலேயே யூனிவர்சல் ஃபிட் என்று போட்டிருக்கிறோமே சார்."

இன்னொருவர் காதில் போன டிப்பை யாரும் வாங்க மாட்டார்கள். அந்த விதி நியாயமானதுதான். ஆனால் அதே விதியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு தப்பான அளவை விற்பது திட்டமிட்ட ஏமாற்று. நான் விடாமல் எழுதியதும் தொனி மாறியது. போட்டிருந்த விமர்சனத்தை நீக்கினால் இன்னொரு பாக்கெட் இலவசமாக அனுப்புகிறார்களாம். அதே சரக்கு இன்னொரு பாக்கெட்! நீக்கவில்லை. விற்பனைத் தளத்திலேயே நேரடியாகப் புகார் கொடுத்தேன். கழன்ற குழாய், டிப்பின் நிஜத் துளை, பக்கத்தில் ஸ்கேல், மூன்றும் தெரிகிற படம். கூடவே "3 மில்லிமீட்டர்" என்று எழுதியிருந்த விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட். டிப்புக்கான பணம் திரும்பி வந்தது. மருத்துவச் செலவு என் தலையில்தான்.

யூனிவர்சல் ஃபிட் என்ற சொல்லைப் பார்த்தாலே நகர்ந்துவிடுங்கள். 3 மில்லிமீட்டர் நாஸிலையும் 6 மில்லிமீட்டர் நாஸிலையும் ஒரே துளை எப்படி இறுகப் பிடிக்கும்? ஒழுங்காகத் தயாரிக்கிறவர்கள் துளைக்கென்று தனி அளவு சொல்வார்கள். காம்ப்ளை என்ற நிறுவனத்தின் ஃபோம் டிப்புகளில் வரும் 100, 200, 400, 500 என்ற எண்கள் அதற்குத்தான்; எண் கூடினால் துளை பெரிது, ஒல்லி நாஸிலுக்கு 100. எஸ், எம், எல் என்பது வெளி அளவு, காதுக்கானது. இந்த இரண்டையும் குழப்பி விற்பதில்தான் பாதி ஏமாற்று நடக்கிறது.

கைக்கு வந்த டிப்பைக் காதில் வைக்கும் முன் பின்பக்கமாகத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். துளைக்குள் வேறு நிறத்தில் இன்னொரு வளையம் தெரிந்தால், நகத்தால் நெம்பிப் பாருங்கள். அசைந்தால் அது ஒட்டு. நாஸிலில் மாட்டி, டிப்பைப் பிடித்து முறுக்கி இழுத்துப் பாருங்கள். சுலபமாகச் சுற்றினாலோ வழுக்கினாலோ அது உங்களுக்கான டிப் இல்லை. நல்ல டிப்பாகவே இருந்தாலும் கழற்றும்போது கேபிளைப் பிடித்து வெடுக்கென்று இழுக்காமல், இயர்போனின் உடலைப் பிடித்து மெதுவாகத் திருகி எடுப்பது நல்லது.

வாங்குவதற்கு முன் "உள்துளை எத்தனை மில்லிமீட்டர், நேரடித் துளையா, உள்ளே குழாய் வைத்ததா" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விற்பனைப் பக்கத்தையும் அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். நான் வாங்கிய பக்கத்தில் இப்போது "3 மில்லிமீட்டர்" என்ற வரியையே எடுத்துவிட்டார்கள்.