அலுமினிய பாகத்துக்கு நிறம் ஏற்ற: அனோடைசிங்கா, பவுடர் கோட்டிங்கா?

லேத்தில் கடைந்த குமிழ், கிளாம்ப், டார்ச் உடல் மாதிரியான சின்ன அலுமினிய பாகங்களுக்கு வீட்டிலேயே நிறம் ஏற்றும் பேச்சு வந்தபோது நான் அனோடைசிங் (அமிலக் குளியலில் மின்சாரம் செலுத்தி அலுமினியத்தின் மேற்பரப்பையே ஆக்சைடாக்கிச் சாயம் ஏற்றும் முறை) பக்கம் போனவன், இன்னும் அங்கேயே இருக்கிறேன். அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

ஸ்ப்ரே பெயின்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெறும் அலுமினியத்தில் அடித்தால் உரியும், எட்ச் பிரைமர் (உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சு) போட்டு அடித்தால் கொஞ்ச காலம் நிற்கும், அடிக்கடி கைபடும் பாகத்துக்கு அதுவும் பத்தாது. நிஜமான போட்டி, பிளாஸ்டிக் தூளைத் தூவிச் சுட்டு உருக்கிப் பூசும் பவுடர் கோட்டிங்கோடுதான்.

பவுடரின் பெருமை எல்லோருக்கும் தெரிந்ததே. எந்த அலாயாக (கலப்பு உலோகமாக) இருந்தாலும் கவலையில்லை, வெல்டிங் தடம், டூல் கோடு எல்லாவற்றையும் மூடிவிடும், டப்பாவில் பார்த்த நிறமே பாகத்திலும் வரும். எர்த் செய்த பாகத்தில் துப்பாக்கியால் தூவி, 180 முதல் 200 டிகிரியில் பத்து இருபது நிமிடம் சுட்டால் வேலை முடிந்தது. அந்த ஓவனில் அப்புறம் சமைக்கக் கூடாது, தூசிக்கு மாஸ்க் வேண்டும், அவ்வளவுதான். சைக்கிள் ஃபிரேம், கேட், பிராக்கெட் என்றால் நானே பவுடரைத்தான் சொல்வேன்.

ஆனால் இன்னொன்றோடு பொருந்த வேண்டிய பாகம் என்றால் கதையே வேறு. பவுடர் பூச்சு ஒரு பக்கத்துக்குச் சுமார் 60 முதல் 100 மைக்ரான் வரை ஏறும். 70 என்றே வைத்துக்கொள்வோம். 22 மி.மீ. பேரிங் உட்காரும் துளையில் இரண்டு பக்கமும் சேர்ந்து 0.14 மி.மீ. குறைந்துவிடும், பேரிங் உள்ளே போகாது. மரை இன்னும் மோசம்: 60 டிகிரி மரையில் சரிவான பக்கங்களில் பூச்சு ஏறுவதால் பிட்ச் விட்டம் (மரைப் பற்களின் நடு உயரத்தில் அளக்கும் விட்டம்) பூச்சுத் தடிமனைப்போல் நான்கு மடங்கு மாறும், அதாவது 0.28 மி.மீ. எம்6 (6 மி.மீ.) போல்ட் அதில் இறங்கவே இறங்காது. சிலிக்கான் அடைப்பான் வைக்கலாம், ஹீட் டேப் ஒட்டலாம், சுட்டபின் மரை வெட்டும் கருவியான டேப்பை (tap) விட்டு மரையைத் திரும்ப வெட்டலாம். பெரிய பாகத்தில் இரண்டு மூன்று துளை இருந்தால் செய்துவிடலாம், விரல் அளவு பாகத்தில் நான்கு மரையும் ஒரு பேரிங் இருக்கையும் இருந்தால் மறைப்பு வேலையே முக்கால்வாசி நேரத்தைத் தின்றுவிடும்.

அனோடைசிங்கில் மேலே எதுவும் பூசுவதில்லை, அலுமினியமே ஆக்சைடாக மாறுகிறது. சல்ஃபியூரிக் குளியலில் வளரும் படலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வெளியே எழும், மீதி உலோகத்துக்குள்ளேயே போகும். 12 மைக்ரான் படலம் வளர்த்தால் ஒரு பக்கம் வெறும் 4 மைக்ரான், அதே பேரிங் துளையில் மொத்தம் 8. எதையும் மறைக்காமல் அப்படியே குளியலில் தொங்கவிடலாம். என் முடிவு இந்த ஒரு கணக்கில்தான் நிற்கிறது.

செய்முறை பயமுறுத்துகிற அளவுக்கு இல்லை. பேட்டரி ஆசிட்டையும் காய்ச்சி வடித்த நீரையும் ஏறக்குறைய சமமாகக் கலந்த குளியல் (எப்போதும் நீரில் ஆசிட்டை ஊற்றுங்கள், மாற்றி அல்ல), எதிர்முனைக்கு ஈயத் தகடு, குளியல் 20 டிகிரி சுற்றி. பாகத்தின் பரப்பில் சதுர அடிக்கு 12 ஆம்பியர் கணக்கில் அரை மணி நேரம் விட்டால் சுமார் 12 மைக்ரான் கிடைக்கும், நல்ல கறுப்பு வேண்டுமென்றால் இன்னும் நேரம் கொடுங்கள். எதிர்முனையில் ஹைட்ரஜன் வரும், அதனால் காற்றோட்டமான இடத்தில்தான், தீப்பொறி பக்கத்தில் கூடாது.

குளியலில் இறக்குமுன், எண்ணெய் போகக் கழுவியபின் பாகத்தின் மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முழுப் பரப்பிலும் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். எங்காவது முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் ஒட்டியிருக்கிறது, சாயம் போட்டதும் அந்த இடம் விரல் ரேகையோடு தெரியும். தொங்கவிடும் கம்பி அலுமினியமோ டைட்டானியமோ ஆக இருக்கட்டும், செம்பு குளியலில் கரைந்துவிடும். கம்பி துளைக்குள் ஆடாமல் இறுகியிருக்க வேண்டும். தொடர்பு தளர்ந்தால் மின்னோட்டம் நின்று, சாயம் பிடிக்காத வெளிறிய பாகம்தான் கைக்கு வரும். குளியலில் இருந்து எடுத்துக் கழுவியபின் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் பரப்பில் மெல்ல வைத்தால் மின்சாரம் பாயக் கூடாது, அப்போதுதான் படலம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் காயவிடாமல் வெதுவெதுப்பான சாயத்தில் முக்கி, கடைசியில் கொதிநீரில் போட்டு நுண்துளைகளை மூட வேண்டும்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். டூல் கோடு, கீறல் எதையும் இது மறைக்காது. 6061, 6063 என்ற அலாய் ரகங்கள் அருமையாக வரும். செம்பு அதிகமுள்ள 2024 அவ்வளவு நன்றாக வராது, சிலிக்கான் நிறைந்த வார்ப்பு அலுமினியம் சாம்பல் பூத்துப்போகும். என் பாகங்கள் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருப்பவை என்பதால் வெயிலில் நிறம் எத்தனை வருடம் நிற்கும் என்று அனுபவத்தில் சொல்ல எனக்கு வழியில்லை, ஆனால் சாதாரண கரிமச் சாயம் புற ஊதாவில் வெளுக்கும் என்பது தெரிந்ததே. ஜன்னல் சட்டங்களில் பார்க்கும் வெண்கல, கறுப்பு நிறங்கள் பெரும்பாலும் வெள்ளீய உப்புக் கரைசலில் மின்சாரத்தால் ஏற்றியவை, அதனால்தான் தாக்குப்பிடிக்கின்றன.

நிறத்தை அடிக்கடி மாற்றப்போகிறவர்களுக்கு மட்டும் பவுடர்தான் லாபம். பவுடரை உரித்தால் அடியில் உலோகம் அப்படியே இருக்கும். ஆக்சைடை காஸ்டிக் சோடாவில் கரைத்தாலோ உள்ளே வளர்ந்த பங்கும் சேர்ந்து போகும், காஸ்டிக் அதோடு நிற்காமல் அலுமினியத்தையும் தின்னும், நெருக்கமாக இருந்த துளை தளர்ந்துவிடும். பேரிங் இருக்கை உள்ள எதையும் நான் இரண்டாம் முறை காஸ்டிக்கில் போடுவதில்லை, பிடிக்காத நிறமாக வந்தாலும் அப்படியே மாட்டிவிடுவேன்.