கண்ணில் வளர்ந்த சதை: வெட்டிய இடத்தை எதால் மூடுவது?

முகத்துவாரத்தில் கடலுக்குப் போகிறவர்கள், புறக்கோட்டையில் வெயிலில் மூட்டை தூக்கும் நாட்டாமைமார், இவர்களில் சிலரின் கண்ணைக் கிட்டத்தில் பார்த்தால் தெரியும், மூக்குப் பக்கமிருந்து சிவந்த முக்கோணச் சதை கருவிழிமேல் ஏறியிருக்கும். அதுதான் டெரிஜியம். வெட்டுவது பெரிய வேலையே இல்லை, திரும்ப வராமல் பார்ப்பதுதான் பாடு.

வெட்டிவிட்டு அப்படியே திறந்து விடுகிற பழைய முறையை விட்டுவிடலாம். 24 முதல் 89 சதவீதம் வரை திரும்ப வளர்ந்ததாகப் பதிவுகள் உண்டு.

இப்போது உண்மையான போட்டி இரண்டுக்கு இடையில்தான். ஒன்று, அதே கண்ணில் மேல் இமைக்குக் கீழே ஒளிந்திருக்கும் விழிவெண்படலத்தில், அதாவது கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடியிருக்கும் மெல்லிய தோலில், ஒரு மெல்லிய துண்டு எடுத்து ஒட்டுவது. மற்றது, சிசேரியன் பிரசவத்தில் தானமாகக் கிடைக்கும் பனிக்குடப் படலம், அதாவது கருவில் குழந்தையைச் சுற்றியிருக்கும் சவ்வு. பல ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்து 2016இல் வந்த கொக்ரேன் மீளாய்வின்படி ஆறு மாதத்தில் திரும்ப வளர்ந்தது சொந்தப் படலத்தில் 3.3 முதல் 16.7 சதவீதம், பனிக்குடப் படலத்தில் 6.4 முதல் 42.3 வரை. என் ஓட்டு சொந்தப் படலத்துக்குத்தான், அதுவும் ஏற்கெனவே ஒருமுறை வெட்டித் திரும்ப வந்த கண் என்றால் யோசிக்கவே வேண்டாம். ஆனால் குளுக்கோமா (கண் அழுத்த நோய்) உள்ளவருக்குப் பிற்காலத்தில் அதற்கான ஓபரேஷனுக்கு அந்த மேல்பக்கப் படலமே தேவைப்படலாம், சதை மிகப் பெரிதாக இருந்தாலும் எடுக்கிற துண்டு போதாது. அங்கேதான் பனிக்குடப் படலம் கைகொடுக்கும்.

சரி, துண்டை எதால் பிடித்து வைப்பது? நோயாளிக்கு அதிகம் தெரிகிற வித்தியாசம் இதுதான். தையல் என்றால் மலிவு, உறுதி, ஆனால் நூல் முனை உறுத்தும், கண் சிமிட்டும்போதெல்லாம் மணல் விழுந்த மாதிரி இருக்கும். ஃபைப்ரின் பசை மனித இரத்தப் பிளாஸ்மாவிலிருந்து வருவது, ஓபரேஷன் சீக்கிரம் முடியும், வலி குறைவு, திரும்ப வளர்வதும் தையலைவிடக் குறைவாகப் பதிவாகியிருக்கிறது. விலைதான் இடிக்கும், துண்டு விலகிப்போகவும் கொஞ்சம் வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது: நோயாளியின் சொந்த இரத்தமே பசை. வெட்டிய இடத்தில் கசிகிற இரத்தத்தின் மேல் துண்டை வைத்துச் சில நிமிடம் அசையாமல் பிடித்தால் உறைந்து ஒட்டிக்கொள்ளும். பசைக்கான செலவே இல்லை. ஆனால் முதல் சில நாட்களில் தூக்கத்தில் கண்ணைக் கசக்கிவிட்டால் துண்டு சுருண்டுவிடும். அதனால் சனல் பண்ணிப் போகும்போதே, "எனக்குக் கண் கசக்கும் பழக்கம் உண்டு" என்று டொக்டரிடம் சொல்லிவிட்டால், அவர் தையல் பக்கமே போவார்.