மாசி பிறந்தாச்சு: கேஆர்பி டேமா, அய்யூரா, ஒகேனக்கல்லா?

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கிறது, பறவை பார்க்க எங்கே போகலாம் என்று மாசி பிறந்ததும் யாராவது கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் "பேசாம ஒகேனக்கல் போயிடலாம்ல?" என்று அவர்களே பதிலையும் சொல்லிவிடுவார்கள். தர்மபுரிக்காரன் இப்படிச் சொல்லக்கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன்: பறவைக்காக என்றால் மூன்றில் அது கடைசி.

முதலில் கேஆர்பி டேம், அதாவது தென்பெண்ணையின் குறுக்கே இருக்கிற கிருஷ்ணகிரி அணை. பூங்காவும் மீன் வறுக்கும் கடைகளும் இருக்கிற பக்கம் நின்றால் காக்கையும் மைனாவும்தான் மிச்சம். நீர்ப்பிடிப்பின் ஓரமாக, தண்ணீர் இறங்கிச் சேறு தெரிய ஆரம்பித்த இடமாகப் பார்த்து நிற்க வேண்டும். நீர் வற்ற வற்ற மீன்கள் ஆழமில்லாத குட்டைகளில் மாட்டிக்கொள்ளும், அதைத் தேடித்தான் நாரைகள் வருகின்றன. மஞ்சள்மூக்கு நாரை மேய்வதைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? அலகைப் பாதி திறந்தபடி தண்ணீருக்குள் விட்டு, அரிவாள் வீசுவதுபோல இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே நடக்கும். ஒரு காலால் சேற்றைக் கலக்கிவிடும், பதறி ஓடுகிற மீன் அலகில் பட்டதும் டப்பென்று மூடிக்கொள்ளும். கண்ணை நம்பிச் செய்கிற வேலையே இல்லை, எல்லாம் தொடுவுணர்ச்சி. கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, நெடுங்கால் உள்ளான், விதவிதமாக மீன்கொத்தி என்று ஒரே இடத்தில் நின்று பட்டியலை நிரப்பிக்கொள்ளலாம். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு இதைவிட வசதியான இடம் இந்தப் பக்கம் கிடையாது. பறவைகள் பெரிசு, வெட்டவெளி, அவசரமாகப் பறந்து ஓடாது.

குறை என்னவென்றால் நாள் கணக்கு. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து மாதிரி வடக்கேயிருந்து வந்த வலசைக் கூட்டமெல்லாம் மார்ச்சில் மூட்டை கட்டத் தொடங்கிவிடும், பங்குனி பாதியில் போய் நின்றுவிட்டு ஒன்றுமே இல்லையே என்று என்னிடம் சண்டைக்கு வரக்கூடாது. ஒன்பதரைக்கு மேல் கானல் வேறு. தூரத்தில் இருப்பது வாத்தா கல்லா என்று பைனாகுலரிலும் தெரியாது.

ஓசூர்க்காரர்கள் கெலவரப்பள்ளி அணையைச் சொல்வார்கள். அதுவும் அதே தென்பெண்ணைதான், பறவையும் உண்டு, ஆனால் கழிவுநீரால் நுரை பொங்குகிற நாளில் அந்த நாற்றத்தோடு காலை டிபன் இறங்காது.

அய்யூர் வேறு கதை. தேன்கனிக்கோட்டையிலிருந்து பெட்டமுகிலாளம் போகிற வழியில், காட்டுக்குள். ஓசூர்ப் பக்கமே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர், அதனால் கிருஷ்ணகிரி கொதிக்கிற நாளிலும் இங்கே பத்து மணி வரை தாங்கும். ஆனால் பொறுமை வேண்டும். அரை மணி நேரம் ஒரு குருவிகூட இல்லாமல் மரத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள், அப்புறம் திடீரென்று ஒரு கலப்புக் கூட்டம் வரும் பாருங்கள், முன்னால் கரிச்சான், பின்னாலேயே மின்சிட்டு, மாம்பழச்சிட்டு, பச்சைச்சிட்டு, கீழே புதரில் என்னவோ ஒன்று, எல்லாம் ஐந்தே நிமிஷம், நீங்கள் எதைப் பார்ப்பது என்று திண்டாடி முடிப்பதற்குள் அடுத்த மரத்துக்குப் போய்விடும். அணையில் எண்பது பறவை பார்த்த திருப்தியை இந்த ஐந்து நிமிஷம் தூக்கிச் சாப்பிட்டுவிடும், எனக்கு அப்படித்தான். காதுக்கும் இதுதான் சீசன்: குக்குறுவான் விடாமல் குடைந்துகொண்டிருக்கும், வெயில் ஏற ஏற அக்காக்குயில் சுருதி கூட்டிக்கொண்டே போகும்.

இரண்டு எச்சரிக்கை. யானை. ராகி அறுவடைக் காலத்தில் வந்த கூட்டத்தில் சில மார்ச்சிலும் சுற்றிக்கொண்டிருக்கும், அதனால் விடியுமுன் பைக்கில் அந்தச் சாலையில் போகவே வேண்டாம். இன்னொன்று தீ. 2018 குரங்கணி விபத்துக்குப் பிறகு கோடையில் காட்டுக்குள் நடக்க விடுவதில் ரொம்பக் கெடுபிடி. ஒருமுறை கேட்காமல் கொள்ளாமல் கிளம்பிப்போய் ஒரு செக்போஸ்ட்டோடு திரும்பி, வழியில் போண்டா தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். தப்பு என்மேல்தான். முந்தின நாளே வனத்துறையில் கேட்டுவிடுங்கள்.

சரி, ஒகேனக்கல். காடு பிரமாதமான காடு, 2014இல் அறிவித்த காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம், 500 சதுர கிலோமீட்டருக்கு மேல், நீர்நாயும் சாம்பல் நிற அணிலும் வாழ்கிற இடம். ஆனால் ஒரு நாள் போய்வருகிறவனுக்குக் கிடைப்பது அருவி, பரிசல், எண்ணெய் மசாஜ், குரங்கு. ஆறரை மணிக்கே ஆற்றங்கரையில் நின்றால் ஆற்று ஆலாவும் நீர்க்காகமும் பார்க்கலாம், எட்டரைக்கு வேன்கள் வந்து இறங்கியதும் முடிந்தது. வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போகிறீர்கள், உங்களுக்கு மட்டும்தான் பறவைப் பைத்தியம் என்றால் தாராளமாக இதையே எடுங்கள், மற்ற இரண்டு இடத்திலும் பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் போன் கேட்க ஆரம்பித்துவிடும்.

ஆக, மார்ச் முதல் வாரம் என்றால் கேஆர்பி, அதற்கு அப்புறம் அய்யூர். இரண்டுக்கும் நடுவில் நான் ராயக்கோட்டை மலையில் ஏறுகிறேன். மஞ்சள்தொண்டைச் சின்னான் தென்னிந்தியப் பாறைக் குன்றுகளை விட்டு வேறெங்கும் வாழாத பறவை, அந்த மாதிரிக் குன்றுதான் இதுவும். மூன்று வருஷமாக ஏறுகிறேன், இன்னும் கண்ணில் படவில்லை.