பேசரி எங்கடா? கம்ப்யூட்டரைத் தூரிகை பிடிக்க வைத்த ஐந்து வருட அனுபவம்

போட்டோவைக் கொடுத்தால் தீற்றல் தீற்றலாக வரைந்து முடிக்கும் புரோகிராம்களை 2020 கடைசியிலிருந்து பயன்படுத்தி வருகிறேன். ஒரே தட்டில் போட்டோவை ஓவியம் மாதிரி ஆக்கிவிடும் ஃபில்டர்களைச் சொல்லவில்லை. வெள்ளைக் கான்வாஸில் முதல் தீற்றல் எங்கே, எவ்வளவு தடிமன், என்ன நிறம், அதன்மேல் அடுத்தது எங்கே என்று ஒவ்வொன்றாக முடிவெடுத்துப் போகிறதே, அந்த வகை. ஆரம்பித்த காரணம் அப்பத்தாவின் போட்டோ ஒன்று. ஊர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் ஓட்டை ஓட்டையாக சிமென்ட் ஜன்னல், மூக்கில் எட்டுக்கல் பேசரி. அதை ஓவியமாக்கிச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

முதலில் எடுத்தது மைக்கேல் ஃபோகல்மேன் 2016-இல் வெளியிட்ட பிரிமிடிவ் என்ற புரோகிராம். இதில் தூரிகைக்குப் பதில் முக்கோணம், நீள்வட்டம், சாய்ந்த செவ்வகம் போன்ற வடிவங்கள். முறை ரொம்ப எளிது. ஒரு வடிவத்தை எங்காவது போட்டுப் பார்க்கும், கொஞ்சம் நகர்த்தும், கொஞ்சம் திருப்பும், போட்டோவுக்கும் கான்வாஸுக்கும் உள்ள வித்தியாசம் குறைந்தால் அந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் விட்டுவிடும். இனிமேல் குறையாது என்றானதும் அந்த வடிவத்தை ஒட்டிவிட்டு அடுத்ததுக்குப் போகும். 2008-இல் ரோஜர் யோஹான்சன் மோனாலிசாவை 50 பலகோணங்களில் கொண்டுவந்தாரே, அதே வம்சம். சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். பிக்சலாக இல்லாமல் வடிவங்களாகவே சேமிக்கும் எஸ்விஜி கோப்பாகவும் கிடைப்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இன்றும் இதைத்தான் சொல்வேன்.

300 வடிவங்களில் வந்த படத்தைப் பார்த்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி, "பேசரி எங்கடா?"

சிமென்ட் ஜன்னலின் ஓட்டைகள் முக்கால்வாசி வந்திருந்தன. வெயிலும் நிழலும் அங்கே மாறி மாறி விழுவதால் வித்தியாசக் கணக்கில் அந்த இடத்துக்குத்தான் மவுசு. பேசரி எத்தனை பிக்சல் இருக்கும்? அதை விட்டால் கணக்கில் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் பேசரி இல்லாத அப்பத்தாவை எங்கள் வீட்டில் யாருமே பார்த்ததில்லை.

அப்புறம் லேர்னிங் டு பெயின்ட். ஹுவாங், ஹெங், ஜோ மூவரும் 2019-இல் ஐசிசிவி என்ற கம்ப்யூட்டர் விஷன் மாநாட்டில் வெளியிட்டது. இதில் ஒரு தீற்றல் என்பது 13 எண்கள்: வளைகோட்டின் மூன்று புள்ளிகளுக்கு ஆறு, இரு முனைகளின் தடிமனுக்கும் அடர்த்திக்கும் நான்கு, நிறத்துக்கு மூன்று. போட்டுப் பார்த்து அழிக்கிற வேலையே கிடையாது. நிறையப் படங்களில் பழகி வந்ததால் கான்வாஸையும் போட்டோவையும் பார்த்ததுமே அடுத்த ஐந்து தீற்றலைச் சொல்லிவிடும், 40 தடவையில் 200 தீற்றல். இதில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை ஒன்று உண்டு. தூரிகை கான்வாஸில் என்ன பதிக்கும் என்பதையே உதாரணங்களைப் பார்த்துப் பழகும் இன்னொரு நியூரல் நெட்வொர்க்காக ஆக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் இந்தத் தீற்றலை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினால் படம் எவ்வளவு தேறும் என்பதைப் பழக்கும்போதே நேரடியாகக் கணக்குப் போட முடிகிறது. 200 தீற்றலையும் வீடியோவாக ஓடவிட்டுப் பார்த்தால், முதலில் சுவரும் சேலையும் வெறும் நிறத் திட்டுகளாக வந்து, அப்புறம் நெற்றி, கன்னத்தின் நிழல் என்று ஒரு முகம் மெதுவாகக் கூடிவருவதை எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் அதன் கான்வாஸ் 128-க்கு 128 பிக்சல்தான். போட்டோவை அந்த அளவுக்குச் சுருக்கியபோதே பேசரி ஒரு பிக்சல்கூடத் தேறவில்லை, வரைவதற்கு முன்பே போய்விட்டது. படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வரையச் சொல்லலாம், நுணுக்கம் கூடும்தான். என்ன, வெறும் சுவர் இருக்கிற கட்டத்துக்கும் முகம் இருக்கிற கட்டத்துக்கும் ஒரே எண்ணிக்கை. சுவருக்கு எதற்கு அத்தனை தீற்றல்?

2022-இல் நானே எழுதிப் பார்த்தேன். ஆரன் ஹெர்ட்ஸ்மன் 1998-இல் சிக்ராஃப் என்ற கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் மாநாட்டில் சொன்ன முறை, பைத்தான் மொழியில் 200 வரிக்குள் அடங்கிவிட்டது. பெரிய தூரிகையில் தொடங்கிச் சின்னதில் முடிப்பது. ஒவ்வொரு தூரிகைக்கும் அதன் அளவுக்கு ஏற்றபடி போட்டோவை மங்கலாக்கிக்கொள்ள வேண்டும், ஓவியர்கள் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார்களே, அதேதான். பிறகு கட்டம் கட்டமாகப் போய், கான்வாஸ் அந்த மங்கல் படத்திலிருந்து அதிகம் விலகியிருக்கும் கட்டங்களில் மட்டும், விலகல் உச்சமாக இருக்கும் புள்ளியில் தூரிகையை வைத்து, நிற மாற்றத்துக்குக் குறுக்கே, அதாவது விளிம்பை ஒட்டியே இழுத்துக்கொண்டு போகும். நிறம் பொருந்தாத இடம் வந்ததும் நின்றுவிடும். சேலை மடிப்பில் தீற்றல்கள் துணி விழும் வாகிலேயே இறங்கியதை முதல் தடவை பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்போதும் பேசரி சரியாக விழவில்லை, ஜன்னல் மட்டும் அமோகம். கடைசியில் பலன் தந்தது ஒரே ஒரு பெருக்கல். போட்டோ அளவிலேயே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் செய்து, முகத்துக்கு வெள்ளை, கைகளுக்கு நடுச்சாம்பல், ஜன்னலுக்குக் கிட்டத்தட்ட கறுப்பு என்று கையாலேயே பூசினேன். வித்தியாசத்தைக் கணக்கிட்டதும் அதை இந்த மதிப்பால் பெருக்கிவிட வேண்டும். எங்கே வெள்ளையோ அங்கே சின்னப் பிழையும் பெரிதாகத் தெரியும், தூரிகை அங்கே போகும். இத்தனையும் செய்த பிறகுதான் பால் ஹேபர்லியின் 1990 கட்டுரையைப் படித்தேன். அவருடைய புரோகிராமில் தூரிகையை எங்கே வைப்பது என்பதை மவுஸைப் பிடித்திருக்கும் மனிதர்தான் முடிவு செய்வார், நிறத்தை மட்டும் கம்ப்யூட்டர் போட்டோவிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்தப் பங்கீடு இன்றைக்கும் சரியானது என்றுதான் நினைக்கிறேன். எவ்வளவு பழக்கினாலும் எங்கள் வீட்டில் எது முக்கியம் என்று அதற்கு யாராவது சொல்லியாக வேண்டும்.

2022-இல் வந்த கிளிப்பாஸோ என்ற புரோகிராமையும் பார்த்தேன். பிக்சலுக்குப் பிக்சல் ஒப்பிடாமல், படம் எதைக் குறிக்கிறது என்பதைப் பார்த்துக் கோடு போடும். குதிரை, பூனை எல்லாம் 16 கோட்டில் அருமை. அப்பத்தா வயதான ஒரு பெண் என்ற அளவில் வந்தார், அப்பத்தாவாக வரவில்லை.

பிரிண்ட் போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். வந்த படத்தை மட்டும் வைத்துக்கொள்ளாமல் தீற்றல்களின் எண்களையும் சேமித்துவையுங்கள். முதல் பிரிண்டுக்குச் சின்னப் படத்தை அப்படியே பெரிதாக்கச் சொல்லிக் கொடுத்து, எல்லாம் மசமசவென்று வந்து காசு வீணானது. எண்கள் இருந்தால் எந்த அளவுக்கு வேண்டுமானாலும் மறுபடி வரைந்துகொள்ளலாம்.

இப்போது மாட்டியிருக்கும் படத்தில் ஜன்னல் மொத்தமே ஏழெட்டுப் பட்டைத் தீற்றல். பேசரி மூன்று: இரண்டு வெள்ளை, கீழே ஒரு கருஞ்சிவப்பு நிழல். எட்டுக் கல்லையும் எண்ண முடியாது. அத்தை கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இப்பத்தான்டா எங்க ஆத்தா" என்றார்.