ஜெட்பேக் கம்போஸின் இரட்டைப் பலக லேஅவுட்: அகலத்தைப் பார்க்கிறது, உயரத்தை மறந்துவிடுகிறது

ஃபோனைப் படுக்கைவசமாகத் திருப்பினால் பெரும்பாலான ஆப்கள் அதே பக்கத்தை இரண்டு பக்கமும் இழுத்து நீட்டிவிடும். பெயர் இடது ஓரத்தில், தேதி வலது ஓரத்தில், நடுவில் வெறும் பொட்டல். இடப்பக்கம் பட்டியல், வலப்பக்கம் விவரம் என்று திரையை இரண்டு பலகமாகப் பிரிப்பது இதற்குப் பழைய மருந்துதான். 2010ல் ஐபேடோடு வந்த ஸ்பிளிட்வியூ கன்ட்ரோலர் செய்தது இதையே, 2014ல் ஐஃபோன் 6 பிளஸ் வந்தபோது ஃபோனிலும் பார்த்தோம். ஆண்ட்ராய்டில் 2011ன் ஹனிகூம் பதிப்பு ஃபிராக்மென்ட் என்ற திரைத் துண்டைக் கையில் கொடுத்து, மிச்சத்தை டெவலப்பர் தலையில் கட்டியது. இப்போது ஜெட்பேக் கம்போஸில் (ஆண்ட்ராய்டு திரைகளை எழுத கூகுள் தரும் கருவித்தொகுப்பு) இதற்கென்றே மெட்டீரியல் 3 அடாப்டிவ் லைப்ரரியும், அதற்குள் லிஸ்ட் டீடெய்ல் பேன் ஸ்கஃபோல்ட் என்ற மூச்சு முட்டும் பெயரில் ஒரு கம்போனென்ட்டும் இருக்கின்றன.

டேப்லெட்டுக்கும் மடக்கு ஃபோனுக்கும் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஃபோனின் லேண்ட்ஸ்கேப்புக்கு, அது தரும் இயல்பு அமைப்பை அப்படியே விட்டுவிடாதீர்கள் என்பதுதான் என் கருத்து.

காரணம் கணக்கில் இருக்கிறது. ஆப்புக்குக் கிடைக்கும் ஜன்னலின் அகலம் 600 டிபிக்கு (டிபி என்பது பிக்ஸல் அடர்த்தியைச் சாராத திரை அளவு) கீழே இருந்தால் காம்பாக்ட், 840 வரை மீடியம், அதற்கு மேல் எக்ஸ்பாண்டட். எக்ஸ்பாண்டட் ஆனால் இரண்டு பலகம், மற்றதில் ஒன்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 412க்கு 915 டிபி அளவுள்ள ஒரு ஃபோனைத் திருப்புங்கள், அகலம் 915, உடனே அது எக்ஸ்பாண்டட், அதாவது பெரிய டேப்லெட் உட்காரும் அதே வரிசையில் இந்த ஃபோனும் போய் உட்கார்ந்துகொள்கிறது. உயரம் வெறும் 412. அதில் ஸ்டேட்டஸ் பார் 24, மேல் பட்டை 64, கீழே நேவிகேஷன் பார் 80 என்று கழித்தால் மிஞ்சுவது 244. ஒரு வரி 72 டிபி என்றால் பட்டியலில் மூன்று வரியும் நாலாவது வரியின் தலையும் தெரியும், அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை, நேவிகேஷனுக்கென்று கூடவே கிடைக்கும் நேவிகேஷன் சூட் ஸ்கஃபோல்ட் என்ற கம்போனென்ட், உயரம் 480 டிபிக்குக் குறைந்தால் ரெயிலுக்கு (பக்கவாட்டில் செங்குத்தாக நிற்கும் பட்டை) போகாமல் கீழ்ப்பட்டையையே வைத்துக்கொள்வது. உயரம் எங்கே பஞ்சமோ அங்கேயே 80ஐ எடுத்துக்கொள்கிறது! ரெயில்தான் வேண்டும் என்று லேஅவுட் டைப்பை நாமே கொடுத்துவிட்டு, மேல் பட்டையும் ஸ்க்ரோலோடு சேர்ந்து மறையும்படி வைத்தால் பட்டியல் கொஞ்சம் மூச்சு விடும். ரெயிலுக்கு 80, பட்டியலுக்கு இயல்பாக 360, இடைவெளி 24 போனாலும் விவரத்துக்கு 450க்கு மேல் நிற்கிறது, ஒரு மெயிலைப் படிக்க அது தாராளம்.

படிக்க மட்டும்தான். விவரப் பலகத்தில் ஒரு ஃபார்ம் இருந்து, அதில் ஒரு கட்டத்தைத் தொட்டதும் கீபோர்டு எழும்பி வந்தால், பாதித் திரை போய்விடும், பட்டியல் அந்தப் பக்கம் சும்மா நின்றுகொண்டு இடத்தை அடைக்கும். எழுதும் வேலை உள்ள திரைகளில், உயரம் காம்பாக்ட் (480 டிபிக்குக் கீழ்) என்றால், எத்தனை பலகம் என்று ஸ்கஃபோல்டுக்குச் சொல்லும் டைரக்டிவில் அதிகபட்சப் பிரிவை ஒன்று என்று மாற்றிவிடுவதே நல்லது. சில வரி கோட்தான், ஆனால் அந்தச் சில வரியை லைப்ரரியே யோசித்திருக்கலாம் இல்லையா?

சரி, இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் எடுக்கச் சொல்கிறேன் என்றால், திருப்பும்போது அது நடந்துகொள்ளும் விதம். நிமிர்ந்த நிலையில் ஒரு மெயிலைத் திறந்துவிட்டுத் திருப்பினால் பட்டியல் பக்கத்தில் வந்து சேர்ந்துகொள்கிறது, திறந்த மெயில் திறந்தபடியே இருக்கிறது, மறுபடி நிமிர்த்தினாலும் அதே மெயில்தான். லைப்ரரி இல்லாமல் தாங்களே கோட் எழுதிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பேக் பட்டனும் அப்படியே: இரண்டு பலகமும் தெரியும்போது வரிசையாகப் பல மெயிலைத் தட்டியிருந்தாலும், பேக் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்ப் பொறுமையைச் சோதிக்காது, பலக அமைப்பு மாறும் இடத்துக்கே நேராகப் போகும். பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ள வழி உண்டு. அப்புறம், 1.1 பதிப்பிலிருந்து நடுவில் ஒரு பிடியை வைத்து, பயனரே பலகங்களின் அகலத்தை இழுத்து மாற்றும்படி செய்யலாம். மடக்கு ஃபோனின் கீல் மேல் எழுத்து விழாமல் பார்த்துக்கொள்வதையும் அதுவே கவனிக்கிறது.

எதற்கு இந்தத் தொல்லை, போர்ட்ரைட்டில் பூட்டிவிடலாமே என்பவர்களுக்கு ஒரு செய்தி: ஆண்ட்ராய்டு 16ஐ டார்கெட் செய்யும் ஆப்களில், சிறிய பக்கம் 600 டிபியோ அதற்கு மேலோ உள்ள திரைகளில் அந்தப் பூட்டை சிஸ்டம் கண்டுகொள்ளாது (கேம்களுக்கு விலக்கு உண்டு, மற்ற ஆப்கள் மேனிஃபெஸ்டில் சொல்லித் தற்காலிகமாக விலகிக்கொள்ளலாம்). ஃபோனில் இன்னும் பூட்டலாம், டேப்லெட்டில் அதிக நாள் தப்பி ஓட முடியாது.

இன்னும் கம்போஸுக்கு முந்தைய எக்ஸ்எம்எல் லேஅவுட்டில், ஆக்டிவிட்டி (ஆப்பின் ஒரு திரை) மேல் ஆக்டிவிட்டியாக ஓடும் பழைய ஆப் என்றால் இந்த லைப்ரரிக்காக எல்லாவற்றையும் திருப்பி எழுத வேண்டாம். ஆக்டிவிட்டி எம்பெடிங் என்ற வசதி ஆண்ட்ராய்டு 12எல்லிலிருந்து இருக்கிறது, விதிகளை ஒரு ஃபைலில் எழுதிக் கொடுத்தால் இரண்டு ஆக்டிவிட்டிகளைப் பக்கம் பக்கமாக வைத்துவிடும். அது அகலத்தோடு சிறிய பக்கமும் 600 டிபி இருக்கிறதா என்று இயல்பாகவே பார்ப்பதால், ஃபோனைத் திருப்பினாலும் பிரியாது.