எழும்பூர் அருங்காட்சியகமா, தட்சிணசித்ராவா?

சென்னையில் பிள்ளைகளோடு ஒரு நாள் சுற்ற இரண்டுமே நல்ல இடங்கள்தான். எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது. திருவாலங்காட்டு நடராசர் உள்ள செப்புத்திருமேனிக் கூடத்துக்காகவே போகலாம். ஆனால் பெரும்பாலும் தொடாமல் பார்க்க வேண்டியவை. வாண்டுகள் திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்து முடித்ததும் ‘வீட்டுக்குப் போலாம்’ என்று ஆரம்பித்துவிடும்.

முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா வேறு மாதிரி. தென்மாநிலங்களின் பழைய வீடுகள் சிலவற்றைப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே மறுபடி கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் உட்காரலாம், முற்றத்தைச் சுற்றி வரலாம், மண்பாண்டம் வனைவதைப் பார்க்கலாம். கட்டணம் கூடுதல், வெயிலும் கூடுதல்.

பத்து வயதுக்குள் என்றால் என் ஓட்டு தட்சிணசித்ராவுக்கே. சிலைகளை ரசிக்கும் தாத்தா கூட வருகிறாரா? சரி, எழும்பூர். அங்கே வெள்ளி விடுமுறை, முட்டுக்காட்டில் செவ்வாய்.